உஷார்! 1628 என்று போட்டிருப்பதை மட்டும் நம்பிப் பணம் கட்டாதீர்கள்

இன்னும் பணம் அனுப்பவில்லை என்றால் அப்படியே நிறுத்தி வையுங்கள். ஏலத்தில் கேட்கப் போகிறீர்கள் என்றால் ஒரு நாள் தள்ளிப்போடுங்கள். பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலக் குணச்சித்திரப் புத்தகங்களைச் சேர்க்கத் தொடங்கியிருக்கும் எல்லோருக்கும் இதை அவசரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 'முதல் பதிப்பு, முழுப் பிரதி' என்று விற்பனைக்கு வரும் புத்தகத்துக்குள் வேறொரு பிரதியிலிருந்து அறுத்தெடுத்த தாள்கள் இருக்கலாம். கையால் வரைந்த தாள் இருக்கலாம். எங்கோ ஒரு நூலகத்தின் முத்திரையைச் சுரண்டிய தழும்பும் இருக்கலாம். இவை மூன்றும் இந்தத் துறையில் உண்மையிலேயே நடந்தவை, நடந்துகொண்டிருப்பவை.

ஆபத்து ஏன் இந்தப் புத்தகங்களுக்கு அதிகம்? ஷேக்ஸ்பியரின் நாடகத் தொகுப்பான முதல் ஃபோலியோ பெருஞ்செல்வர்களுக்கும் பெரிய நூலகங்களுக்கும்தான் எட்டும். அதே காலத்துக் காகிதம், அதே காலத்து அச்சு, ஆனால் நமக்குக் கட்டுப்படியாகும் விலை என்று தேடுகிறவர்கள் கடைசியில் இந்தச் சிறு புத்தகங்களிடம் வந்து சேர்கிறார்கள். விற்பவருக்கும் இது தெரியும். 1623இல் முதல் ஃபோலியோவை வெளியிட்டவர்களில் ஒருவரான எட்வர்ட் பிளவுன்ட்தான் 1628இல் ஜான் ஏர்லின் 'மைக்ரோ-காஸ்மோகிராஃபி'யையும் வெளியிட்டார். விற்பனைப் பட்டியலில் இந்த ஒரு வரியைச் சேர்த்தால் போதும், வாங்குபவரின் மனம் இளகிவிடும். தகவல் உண்மைதான். ஆனால் உங்கள் கைக்கு வரும் பிரதியில் எத்தனை தாள் அந்த 1628ஐச் சேர்ந்தது என்பதை அந்த வரி சொல்லாது.

குணச்சித்திரப் புத்தகம் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: அரிஸ்டாட்டிலின் மாணவர் தியோஃப்ராஸ்டஸ் மனிதர்களின் குறைகளை முப்பது சிறு சித்திரங்களாக எழுதிவைத்தார். முகஸ்துதிக்காரன், கஞ்சன், வாயாடி என்று ஒவ்வொரு வகைக்கும் ஒரு சித்திரம். ஐசக் கசாபன் 1592இல் லியோனில் அதை லத்தீன் மொழிபெயர்ப்போடு பதிப்பித்தார். இங்கிலாந்தில் அது தீப்போலப் பரவியது. 1608இல் ஜோசப் ஹால் நற்குணம் ஒரு பகுதி, தீக்குணம் ஒரு பகுதி என்று நீதி நூலாகவே அதை மாற்றி எழுதினார். 1614இல் ஓவர்பரியின் பெயரில் ஒரு தொகுப்பு வந்தது. 1628இல் ஏர்ல், 1631இல் பிராத்வெயிட், 1632இல் டொனால்ட் லப்டன், 1642இல் தாமஸ் ஃபுல்லர் என்று வரிசை நீண்டது. இவற்றைப் படித்தவர்களுக்கு இவற்றின் மேல் ஆசை வருவதில் ஆச்சரியமே இல்லை. ஒரு மனிதனை அரைப் பக்கத்தில் எழுந்து நடக்க வைத்த எழுத்து இது. இந்த ஆசையைப் பற்றி எனக்கு ஒரு குறையும் கிடையாது. ஆசையை வைத்து ஏமாற்றுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இவற்றில் பலவும் சட்டைப்பைக்குள் அடங்கும் சிறு புத்தகங்கள். பத்திரமாகப் பூட்டி வைக்கவேண்டும் என்று அன்று யாரும் நினைத்ததில்லை. கைமாறிக் கைமாறிப் படித்துக் கிழித்தார்கள். அச்சகத் தொழிலாளர்களின் பிழைப்புக்காக, சாதாரணப் புத்தகத்தை ஒரு பதிப்பில் 1250 முதல் 1500 பிரதிகளுக்கு மேல் அச்சடிக்கக் கூடாது என்று லண்டன் ஸ்டேஷனர்ஸ் கம்பெனி 1587இலேயே விதித்திருந்தது. அதிலும் தப்பிப் பிழைத்த நல்ல பிரதிகளை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிய நூலகங்கள் வாரிக்கொண்டன. பிரிட்வெல் கோர்ட் நூலகம் 1916 முதல் 1927 வரை சதபீயில் ஏலமாக ஏலமாகக் கரைந்தபோது, அரிய புத்தகங்களில் பெரும்பங்கை ஹென்றி ஹன்டிங்டன் கலிஃபோர்னியாவுக்குக் கொண்டுபோனார். 1932இல் வாஷிங்டனில் ஃபோல்ஜர் நூலகம் திறந்தது. அங்கே போனவை பெரும்பாலும் திரும்பி வருவதில்லை. சந்தையில் மிஞ்சியவற்றில் முகப்புத்தாள் போனவையும் கடைசித்தாள் போனவையும் நடுவில் நாலு தாள் உதிர்ந்தவையும்தான் அதிகம். அப்படிப்பட்ட இரண்டு ஊனப் பிரதிகளை ஒன்றாக்கினால் ஒரு 'முழுப் பிரதி' பிறந்துவிடும், விலையும் பல மடங்கு ஏறிவிடும். மோசடி பிறப்பது இந்தக் கணக்கில்தான்.

ஓவர்பரியை எடுத்துக்கொள்ளுங்கள். வாங்குகிறவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான் என்று நினைக்கிறேன். சர் தாமஸ் ஓவர்பரி 1613 செப்டம்பரில் லண்டன் டவர் சிறையில் இறந்தார். விஷம் வைத்துக் கொன்றார்கள் என்று 1615இல் வெளிவந்தது. ராஜசபையின் பெரிய மனிதர்கள் வரை வழக்கு போனது, நான்கு பேரைத் தூக்கிலிட்டார்கள். அந்தப் பரபரப்பில் அவர் பெயரில் வந்த புத்தகம் பதிப்பு பதிப்பாக விற்றுத் தீர்ந்தது. 1614இல் முதலில் வந்தது 'எ வைஃப்' என்ற கவிதை மட்டும்தான். குணச்சித்திரங்கள் அதே ஆண்டின் இரண்டாம் பதிப்பில்தான் சேர்ந்தன, அதுவும் இருபத்துச் சொச்சம்தான். 1615இல் வந்த ஆறாம் பதிப்பில் முப்பத்திரண்டு புதிய சித்திரங்கள் சேர்ந்தன. அவற்றை எழுதியவர் நாடகாசிரியர் ஜான் வெப்ஸ்டர் என்பது இன்று பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. 1616 பதிப்பில் சிறைச்சாலைச் சித்திரங்கள் வந்தன. அவை தாமஸ் டெக்கருடையவை என்கிறார்கள். 1622 வருவதற்குள் மொத்தம் எண்பதைத் தாண்டிவிட்டது.

இதிலிருந்து மூன்று எச்சரிக்கைகள் கிடைக்கின்றன. 'குணச்சித்திரங்கள் அடங்கிய ஓவர்பரி முதல் பதிப்பு' என்று ஒருவர் விற்றால் அந்த விவரிப்பு தொடக்கத்திலேயே தப்பு, ஏனென்றால் முதல் பதிப்பில் குணச்சித்திரமே கிடையாது. '1614' என்ற முகப்புத்தாளுக்குப் பின்னால் 1615இல் சேர்ந்த வெப்ஸ்டரின் பால்காரப் பெண் சித்திரம் இருந்தால், முகப்பு ஓர் இடத்திலிருந்தும் உடம்பு வேறோர் இடத்திலிருந்தும் வந்திருக்கிறது என்று அர்த்தம். மூன்றாவது எச்சரிக்கைதான் மோசமானது. சில ஆண்டுகளுக்குள் இத்தனை பதிப்பு வந்த புத்தகத்தில், அடுத்தடுத்த பதிப்புகளின் தாள்கள் ஒன்றுக்கொன்று அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஒன்றில் விழுந்த ஓட்டையை மற்றொன்றின் தாளால் அடைத்துவிடலாம். சாதாரணக் கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

ஏர்லின் புத்தகத்தில் எண்ணிப் பார்த்தாலே பாதி உண்மை தெரிந்துவிடும். ஆசிரியர் பெயர் இல்லாமல் வந்த 1628 முதல் பதிப்பில் இருப்பவை 54 சித்திரங்கள். பிறகு ஏர்ல் எழுதிச் சேர்த்துக்கொண்டே போனார். 1633இல் வந்த ஆறாம் பதிப்பில் 78 ஆயின. '1628 முதல் பதிப்பு' என்று வாங்கிய புத்தகத்தில் 54க்கு மேல் ஒரு சித்திரம் இருந்தால் உடனே விற்றவருக்கு எழுதுங்கள். 1628 என்ற ஆண்டு மட்டும் முதல் பதிப்புக்குச் சான்று ஆகாது, அந்த ஒரே ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட பதிப்புகள் வந்திருக்கின்றன. பிலிப் பிளிஸ் 1811இல் கொண்டுவந்த பதிப்பும் எட்வர்ட் ஆர்பர் 1868இல் போட்ட மறுபதிப்பும் தம்மளவில் அருமையானவை. ஆனால் அவற்றின் தாளை ஊறவைத்துப் பழுப்பாக்கி விற்றால் அது களவு.

ஹாலின் 1608 புத்தகம் சிறிய எட்டுமடிப் புத்தகம், அதாவது ஒரு பெருந்தாளை எட்டு இலையாக மடித்துத் தைத்தது. பின்னாளில் ஹாலின் எழுத்துகள் எல்லாவற்றையும் பெரிய ஃபோலியோக்களாக, அதாவது பெருந்தாளை ஒருமுறை மட்டும் மடித்த புத்தகங்களாகத் தொகுத்தபோது இதுவும் அதில் சேர்ந்தது. தொகுப்பிலிருந்து அந்தப் பகுதியை மட்டும் வெட்டி, புதிதாக பைண்டு செய்து, 'ஹாலின் குணச்சித்திரங்கள், தனி நூல்' என்று விற்க முடியும். அளவைக் கேளுங்கள். பெரிய ஃபோலியோ தாளாக இருந்தால் அது 1608 புத்தகம் இல்லை. இன்னொரு குழப்பமும் உண்டு. நாஹும் டேட் 1691இல் ஹாலின் நூலைச் செய்யுளாக்கி ஏறத்தாழ அதே தலைப்பில் வெளியிட்டார். பட்டியலில் 'ஹால்' என்ற பெயர் பெரிதாகவும் டேட்டின் பெயர் சிறிதாகவும் இருந்தால் அவசரத்தில் கண் தவறிவிடும். எண்பத்து மூன்று ஆண்டு வித்தியாசத்துக்குப் பணம் கொடுத்துவிடுவீர்கள்.

சாமுவேல் பட்லர் விஷயம் சுருக்கமானது. அவர் 1680இல் இறந்துபோனார். அவருடைய குணச்சித்திரங்கள் கையெழுத்தாகவே கிடந்து, 1759இல் ராபர்ட் தையர் பதிப்பித்த இரண்டு தொகுதிகளில்தான் முதன்முதலாக அச்சேறின. அதற்கு முந்தைய தேதியோடு 'பட்லரின் குணச்சித்திரங்கள்' என்று யாராவது காட்டினால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

ஃபுல்லரின் 'ஹோலி ஸ்டேட்' 1642இல் கேம்பிரிட்ஜில் அச்சான ஃபோலியோ. குணச்சித்திரங்களோடு வாழ்க்கை வரலாறுகளும் உண்டு, வில்லியம் மார்ஷல் செதுக்கிய உருவப்படங்களும் உண்டு. அந்தப் படங்களே அதற்கு எமனாக வந்தன. 1769இல் ஜேம்ஸ் கிரேஞ்சர் இங்கிலாந்துப் பிரமுகர்களின் உருவப்படங்களுக்கு ஒரு வரலாற்றுப் பட்டியல் போட்ட பிறகு, பழைய புத்தகங்களிலிருந்து படங்களை வெட்டித் தம் புத்தகங்களில் ஒட்டிக்கொள்ளும் வழக்கம் பரவியது. ஃபுல்லரை வாங்கும்போது ஒவ்வொரு படமும் இருக்கிறதா என்று நூற்பட்டியலோடு ஒப்பிடுங்கள். படம் இருக்கும் பக்கம் காணாமல் போனால் அதன் மறுபக்கத்தில் இருக்கும் எழுத்தும் போயிற்று.

இப்போது, வெட்டிய இடத்தை எப்படி அடைக்கிறார்கள் என்பதைப் பார்ப்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டனில் ஜான் ஹாரிஸ் என்று ஒருவர் இருந்தார். பழைய புத்தகத்தில் இல்லாத தாளைப் பேனாவால் வரைந்து கொடுப்பதுதான் அவர் வேலை. எழுத்துக்கு எழுத்து, தேய்ந்த அச்செழுத்தின் தேய்மானம் உட்பட, அச்சு மாதிரியே வரைவார். பிரிட்டிஷ் மியூசியத்துக்கும் வேலை செய்தவர். அவர் செருகிய தாள் எது என்று பிறகு கண்டுபிடிக்க மியூசியத்துக்காரர்களே திண்டாடியதை அங்கே வேலை பார்த்த ஒருவர் பதிவு செய்திருக்கிறார். ஹாரிஸ் மோசடிக்காரர் இல்லை. ஊனத்தைச் சரிசெய்து தரும்படி கேட்டார்கள், செய்து கொடுத்தார். ஆனால் அவர் செய்தது வரைந்த தாள் என்று அறிந்தவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், புத்தகங்கள் கைமாறிவிட்டன. இன்று அதை விற்கிறவருக்கே அது தெரியாமல் இருக்கலாம்.

தாமஸ் ஜே. வைஸ் வேறு ரகம். இங்கிலாந்தின் தலைசிறந்த நூல்சேகரிப்பாளர் என்று பேரெடுத்தவர். 1934இல் ஜான் கார்ட்டரும் கிரஹாம் பொலார்டும் காகிதத்தையும் அச்செழுத்தையும் ஆராய்ந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கவிஞர்களின் 'அரிய முதல் பதிப்பு'களில் பல போலி என்று நிரூபித்தார்கள். சந்தேகம் அவரையே சுற்றியது. அதைவிட என்னைப் பதறவைத்தது பின்னால் தெரிந்த இன்னொரு விஷயம். பிரிட்டிஷ் மியூசியத்திலிருந்த பதினேழாம் நூற்றாண்டு நாடகப் புத்தகங்களிலிருந்து தாள்களைத் திருடி, தம்மிடம் இருந்த குறைப் பிரதிகளிலும் அமெரிக்கச் சேகரிப்பாளர் ஒருவருக்குத் தாம் விற்ற பிரதிகளிலும் வைஸ் செருகியிருக்கிறார். டேவிட் ஃபாக்சன் 1950களில் பிரதிகளைத் தாள் தாளாக ஒப்பிட்டு இதை வெளிக்கொண்டு வந்தார். காணாமல் போன தாள்கள் இருநூறுக்கும் மேல். நாடகங்களும் குணச்சித்திரப் புத்தகங்களும் ஒரே காலத்தவை, ஒரே அச்சகங்களில் பிறந்தவை, ஒரே வகைக் காகிதம். நாடகத்துக்கு நடந்தது இவற்றுக்கு நடக்காது என்று யாரும் நிம்மதியாக இருக்க முடியாது.

ஆகையால் நீங்களே பார்க்கப் பழகுங்கள். இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு டார்ச், ஒரு பூதக்கண்ணாடி, கொஞ்சம் பொறுமை போதும். தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் சல்லடைக் கம்பிகளின் கோடுகள் தெரியும். எட்டுமடிப் புத்தகத்தில் அகன்ற இடைவெளிக் கோடுகள் மேலிருந்து கீழாக ஓடும், நீர்க்குறி தைத்த ஓரத்தின் உச்சியில் ஒளிந்திருக்கும். நான்குமடிப் புத்தகத்தில் அதே கோடுகள் இடமிருந்து வலமாக ஓடும், நீர்க்குறி தையல் ஓரத்தின் நடுவில் விழும். ஒரே ஒரு தாளில் மட்டும் கோடு திசை மாறியிருந்தாலோ, கோடுகளின் இடைவெளி பக்கத்துத் தாள்களோடு ஒத்துப்போகாமல் இருந்தாலோ அந்தத் தாளைச் சந்தேகியுங்கள். கோடே இல்லாமல் வழவழவென்று இருந்தால் அது 1757க்கு முன் ஆங்கிலப் புத்தகம் எதிலும் வராத காகிதம். ஆனால் கோடு இருக்கிறது என்பதற்காக நிம்மதி அடைந்துவிடாதீர்கள். வேறு பழைய புத்தகத்தின் வெற்றுத் தாளைக் கிழித்து அதன்மேல் போலியைச் செய்பவர்களும் உண்டு.

புழு துளைத்த ஓட்டையைப் பின்தொடருங்கள். புழு தாள் தாளாகத் துளைத்துக்கொண்டு போகும். முன்தாளிலும் பின்தாளிலும் ஓட்டை இருந்து நடுத்தாளில் இல்லை என்றால் அந்தத் தாள் பிறகு வந்தது. ஈரக்கறைக்கும் இதே விதி. பழைய அச்சு காகிதத்தை அழுத்திப் பதிந்திருக்கும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் தாளின் பின்புறம் அந்த அழுத்தம் மேடாகத் தெரியும். வரைந்த தாளிலும் கல்லச்சு நகலிலும் தட்டையாக இருக்கும். புற ஊதா விளக்கு கிடைத்தால் அதையும் அடித்துப் பாருங்கள். சென்ற எழுபது எண்பது ஆண்டுகளில் செய்த வெள்ளைக் காகிதம் பெரும்பாலும் நீலமாக ஒளிரும். தாள் துணியாகத் துவண்டு, பசைப்பிடிப்பே இல்லாமல் அளவுக்கு மீறி வெளுத்திருந்தால் இரசாயனத்தில் கழுவியிருக்கிறார்கள். எதைக் கழுவினார்கள் என்பதுதான் கேள்வி.

ஒவ்வொரு மடிப்புக்கட்டின் அடியிலும் A, B, C என்று எழுத்து இருக்கும். அன்றைய அச்சகங்கள் இந்த வேலைக்கு இருபத்து மூன்று எழுத்துகளைத்தான் பயன்படுத்தின. J கிடையாது, W கிடையாது, U, V இரண்டில் ஒன்றுதான். அதனால் I-க்குப் பிறகு K வந்தால் தாள் போய்விட்டது என்று பதற வேண்டாம். ஆனால் C-க்குப் பிறகு E வந்தால் கண்டிப்பாகப் பதறுங்கள். எத்தனை கட்டு, கட்டுக்கு எத்தனை இலை என்ற கணக்கு 1640 வரையான நூல்களுக்கு எஸ்.டி.சி. என்ற குறுந்தலைப்புப் பட்டியலையும், 1641 முதல் 1700 வரை விங் பட்டியலையும் அடியொற்றிய இ.எஸ்.டி.சி. என்ற இணையப் பட்டியலில் பெரும்பாலும் கிடைக்கும். குணச்சித்திரப் புத்தகங்களுக்கென்றே குவெண்டலின் மர்ஃபி 1925இல் ஒரு நூற்பட்டியல் செய்தார். செஸ்டர் கிரீனோ திரட்டியது 1947இல் ஹார்வர்டிலிருந்து வந்தது. விற்பவரிடம் எஸ்.டி.சி. அல்லது விங் எண்ணையும் கட்டுக்கணக்கையும் எழுத்தில் கேளுங்கள். கொடுக்கத் தயங்குகிறார் என்றால் நீங்கள் விலகிக்கொள்ளுங்கள்.

இணையக் கடைகளில் வேறொரு பொறி இருக்கிறது. அதில் விழுகிறவர்கள் புதியவர்கள். பழைய ஆங்கில நூல்களின் பக்கப்படங்களை எடுத்து, ஆர்டர் வந்ததும் ஒரு பிரதி அச்சடித்து அனுப்பும் நிறுவனங்கள் இருக்கின்றன. தலைப்பில் 1628 என்று வரும், படத்தில் 1628இன் முகப்புத்தாள் வரும், வீட்டுக்கு வருவது பளபளப்பு அட்டை போட்ட பேப்பர்பேக். விலையை வைத்துச் சொல்லிவிடலாம் என்று நினைப்பீர்கள். விலையைக் கூட்டிவைத்து விற்கிறவர்களும் இருக்கிறார்கள். 'நீங்கள் விற்கும் பிரதியையே உங்கள் மேசையில் வைத்து எடுத்த படம் வேண்டும்' என்று விற்பவரிடம் கேளுங்கள்.

அடுத்ததைப் பதற்றமில்லாமல் எழுத முடியவில்லை. வாங்கும் புத்தகம் திருட்டுப் பொருளாக இருக்கலாம். டர்ஹம் பல்கலைக்கழகத்திலிருந்து 1998இல் திருடுபோன முதல் ஃபோலியோ பத்தாண்டு கழித்து 2008இல் வாஷிங்டனில் ஃபோல்ஜர் நூலகத்து மேசைக்கு வந்தது. அட்டையும் முதல் தாள்களும் இல்லை. அடையாளம் தெரியக்கூடாது என்று பிய்த்திருந்தார்கள். மிச்சத் தாள்களின் அளவும் உள்ளே இருந்த பழைய கையெழுத்துக் குறிப்பும்தான் காட்டிக்கொடுத்தன. அதை எடுத்து வந்தவர் திருட்டுப் பொருளைக் கையாண்டதற்காக 2010இல் சிறை போனார். பிட்ஸ்பர்க் கார்னகி நூலகத்தில் நடந்தது இன்னும் கொடுமை. அரிய நூல்களுக்குப் பொறுப்பாக இருந்தவரே கால் நூற்றாண்டாக வெட்டி வெட்டி வெளியே கொடுத்திருக்கிறார். வாங்கி விற்றவர் பெயர்பெற்ற ஒரு கடைக்காரர். 2017இல் கணக்கெடுத்தபோதுதான் தெரிந்தது. இழப்பு எண்பது லட்சம் டாலர் என்று மதிப்பிட்டார்கள். திருடிய புத்தகங்களில் 'நூலகத்திலிருந்து நீக்கப்பட்டது' என்று ஒரு சிறு முத்திரையையும் அவர்களே குத்தியிருந்தார்கள்.

'நீக்கப்பட்டது' முத்திரையை நான் இப்போது ஒரு சான்றாகவே எடுத்துக்கொள்வதில்லை. நூலகங்கள் இரட்டைப் பிரதிகளை விற்பது உண்டு, ஹன்டிங்டனும் பிரிட்டிஷ் மியூசியமும் விற்றிருக்கின்றன. அப்படி விற்றது என்றால் எந்த ஏலத்தில், எந்த ஆண்டில் என்று விற்பவர் சொல்லட்டும். சொல்ல முடியவில்லை என்றால் அந்த நூலகத்துக்கே ஒரு கடிதம் எழுதுங்கள், பதில் வருவதற்கு முன் பணம் போகக்கூடாது. முகப்புத்தாளின் பின்பக்கத்தையும் கடைசித்தாளையும் வெளிச்சத்தில் பாருங்கள். பல நூலகங்கள் உள்ளே குறிப்பிட்ட ஒரு பக்கத்திலும் முத்திரை குத்தி வைக்கும், அதனால் ஒவ்வொரு பக்கத்தையும் புரட்டுங்கள். காகிதம் ஓரிடத்தில் மட்டும் மெலிந்து ஒளி ஊடுருவினால் அங்கே ஏதோ இருந்திருக்கிறது. நல்லெண்ணத்தோடு வாங்கினேன் என்று சொல்லித் தப்பிக்கலாம் என்றும் எண்ணாதீர்கள். இங்கிலாந்தில் திறந்த சந்தையில் பகலில் நல்லெண்ணத்தோடு வாங்கியவருக்கே பொருள் சொந்தம் என்ற பழைய விதி 1995 ஜனவரியில் ஒழிந்துவிட்டது.

ஓரக்குறிப்புகளுக்காகக் கூடுதல் விலை கேட்டால் இன்னும் கவனம். 1790களில் வில்லியம் ஹென்றி அயர்லாந்து பழைய புத்தகங்களை வாங்கி, ஷேக்ஸ்பியரின் கையெழுத்தையும் ஓரக்குறிப்புகளையும் தானே எழுதி ஊரையே நம்பவைத்தார். ஐம்பது ஆண்டுக்கும் மேல் கழித்து ஜான் பெய்ன் காலியர் என்ற மதிப்புமிக்க அறிஞர் ஒரு ஃபோலியோவில் பழைய திருத்தங்கள் கிடைத்ததாக அறிவித்தார். மியூசியத்தில் ஆராய்ந்தபோது மையெழுத்தோடு நவீனப் பென்சில் தடங்களும் கிடைத்தன. ஓவர்பரி பிரதி ஒன்றில் வெப்ஸ்டரின் கையெழுத்து இருப்பதாகச் சொன்னால், அது இல்லாத பிரதிக்கு என்ன விலையோ அதை மட்டும் மனதில் வையுங்கள்.

பட்டியல் மொழியையும் படிக்கத் தெரியவேண்டும். 'வாஷ்டு' என்றால் கழுவியது. 'மேட்-அப்', 'சோஃபிஸ்டிகேட்டட்' என்றால் பல பிரதிகளின் தாள்களால் ஒப்பேற்றியது. 'ஃபேக்ஸிமிலி' என்ற சொல் விவரிப்பின் கடைசி வரியில் சிறு எழுத்தில் ஒளிந்திருந்தாலும் அதுதான் முதல் செய்தி. 'வித் ஆல் ஃபால்ட்ஸ்' என்று ஏலத்தில் போட்டிருந்தால் உள்ளே எந்தக் குறை இருந்தாலும் திருப்பித் தர முடியாது. தாள் விடுபட்டதைக் கட்டு எழுத்தோடு குறிப்பிட்டு விவரிக்கும் விற்பனையாளரை நான் நம்புவேன். 'வயதுக்கேற்ற தேய்மானம்' என்று நிறுத்திக்கொள்கிறவரை நம்பமாட்டேன். முழுப் பணத்தை வங்கிக்கு நேராக அனுப்பச் சொல்கிறவரிடம் வாங்க வேண்டாம். ஐ.எல்.ஏ.பி. போன்ற பழம்புத்தக விற்பனையாளர்களின் சர்வதேசச் சங்கங்களில் சேர்ந்த கடைகள் தம் விவரிப்பு தவறினால் திருப்பி எடுத்துக்கொள்ளக் கடமைப்பட்டவை. அந்தச் சங்கம் வைத்திருக்கும் திருட்டுப் புத்தகப் பதிவேட்டிலும் ஒரு முறை தேடுங்கள்.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்கிறேன். 1640களிலிருந்து அந்த நூற்றாண்டு முழுவதும் நாலைந்து தாள் கொண்ட அரசியல் குணச்சித்திரத் துண்டுப் பிரசுரங்கள் குவிந்தன, கவிஞர் ஜான் கிளீவ்லண்டின் 1649 'நாட்டுப்புறக் கமிட்டிக்காரன்' சித்திரமும் 1673இல் வந்த காபிக்கடைச் சித்திரமும் அவற்றில் உண்டு. இவை பெரும்பாலும் யாரோ ஒருவர் வாங்கி வரிசையாகத் தைத்த தொகுதிகளில்தான் பிழைத்தன. லண்டன் புத்தக வியாபாரி ஜார்ஜ் தாமசன் உள்நாட்டுப் போர்க்காலத்தில் இருபத்தீராயிரத்துக்கு மேல் சேர்த்து, வாங்கிய தேதியைக்கூட எழுதிவைத்தார். அந்த வரிசை கலையாமல் இன்றும் பிரிட்டிஷ் நூலகத்தில் இருப்பதால்தான் எது எந்த வாரத்தில் வந்தது என்று நமக்குத் தெரிகிறது. 'டிஸ்பவுண்ட்', அதாவது கட்டிலிருந்து பிரித்தது என்று ஒற்றைத் துண்டாக விற்பனைக்கு வருவது அப்படி ஒரு தொகுதியை உடைத்து எடுத்ததாக இருக்கலாம். எப்போது உடைத்தது என்று கேளுங்கள். சமீபத்தில் என்றால் வாங்காதீர்கள். நாம் வாங்குவதால்தான் அடுத்த தொகுதியையும் உடைக்கிறார்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு: சந்தேகத் தாளைப் பிய்க்காதீர்கள், கழுவாதீர்கள், பைண்டரிடம் கொடுத்துத் தையலைத் திறக்காதீர்கள். தையலும் கறையும் ஓட்டையும் அப்படியே இருந்தால்தான் நாளைக்கு ஒருவர் அதை இன்னொரு பிரதியோடு ஒப்பிட முடியும். ஒவ்வொரு தாளையும் படமெடுத்து, எந்தத் தாள் பொருந்தவில்லை என்று தனிக் காகிதத்தில் எழுதிப் புத்தகத்தோடு வையுங்கள். விலைச்சீட்டையும் விற்பவரின் விவரிப்பையும் தூக்கிப் போடாதீர்கள். முத்திரைத் தழும்பு கண்டால் அந்த நூலகத்துக்கும் விற்றவருக்கும் ஒரே நாளில் எழுதுங்கள், பதில் வரும்வரை புத்தகத்தை விற்கவும் வேண்டாம், யாருக்கும் பரிசளிக்கவும் வேண்டாம்.